நான்காவதற்கு இடம் இருந்தது

"எத்தனை வி.எம். ஓட்டோணும் சார்?" என்று ஷாகிதா கேட்டாள்.

நவநீதன் சுற்றிலும் பார்த்தான். காந்திபுரத்தில் இருந்த அந்தக் கடை முழுக்க அட்டைப்பெட்டிகளும் மின்விசிறிகளின் இரைச்சலும்தான். சர்வர் கணினி கட்டித் தருவதில் கோவையில் நல்ல பெயர் ஷாகிதாவுக்கு. அச்சகங்களுக்கும் ஸ்கேன் சென்டர்களுக்கும் கட்டித் தந்திருக்கிறாள். வீட்டுக்கு என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சினிமா சேமித்து வைக்கத்தான் கேட்பார்கள்.

"மூணு," என்றான். "ஒண்ணு வலது கை, கால். ஒண்ணு பேச்சு. இன்னொண்ணு எழுத்து படிக்கறதுக்கு."

ஷாகிதா நிமிர்ந்து பார்த்தாள். "மறுகரை பேஷன்ட்டா?"

"என் மனைவி."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு குறுக்கு விசாரணையின் நடுவில் கோகிலவாணி சரிந்து விழுந்தாள். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் கசிவு. உயிர் பிழைத்தது. வலது பக்கம் செயலிழந்தது, பேச்சு போனது, சட்டப் புத்தகத்தைத் திறந்தால் எறும்பு ஊர்வதுபோல் ஏதோ தெரிகிறது என்று இடது கையால் சைகை காட்டினாள். அப்போது 'மறுகரை' என்ற நிறுவனம் புதிதாக வந்திருந்தது. மண்டையோட்டுக்கு அடியில் மெல்லிய வலை ஒன்றைப் பதித்து, செத்துப்போன பகுதிகள் செய்த வேலையைத் தங்கள் கணினிகளைச் செய்ய வைத்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு சிறு கருவி. அங்கிருந்து சைகை போகும், நொடியில் திரும்பி வரும். எட்டே மாதத்தில் வாணி நடந்தாள், பேசினாள், செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

இப்போது மறுகரை மூடப்படுகிறது. முதலீடு போட்டவர்கள் கைவிட்டுவிட்டார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய மெய்நிகர் கணினிகளை, அதாவது வி.எம்.களை, அந்தந்தக் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. மாதக் கடைசிக்குள் வீட்டிலேயே அவற்றை ஓட்ட ஏற்பாடு செய்யாவிட்டால், வாணி பழையபடி கட்டிலில்தான்.

"எனக்கு பம்ப் தெரியும்," என்றான் நவநீதன். கணபதி பகுதியில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவன் அவன். "கம்ப்யூட்டர் தெரியாது. புரியற மாதிரி சொல்லுங்க."

"ஒரு பெரிய வீட்டத் தடுத்து நாலு போர்ஷனா வாடகைக்கு விடறோமில்லீங்க, அது மாதிரி. ஒவ்வொரு குடித்தனமும் தனக்குத் தனி வீடுன்னே நெனச்சுக்கும். ஆனா மேல இருக்கற தண்ணித் தொட்டி ஒண்ணுதான். ஒருத்தர் குழாயத் தொறந்து வுட்டுட்டா அடுத்தவங்களுக்கு வராது."

"பேச்சுக்குத் தண்ணி வரலைன்னா?"

"மேடம் பாதி வாக்கியத்துல நின்னுருவாங்க."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். பிராசசர் வேகமாக இருந்து பயனில்லை, அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்கள் நிறைய வேண்டும், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனித்தனியாக ஒதுக்க வேண்டும். டிஸ்க் இரண்டு, ஒன்று செத்தாலும் மற்றது அப்படியே தொடர வேண்டும். ரேம் என்ற நினைவகத்தில்தான் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

"ரேம்ல எப்பவாவது ஒரு புள்ளி தானா மாறிப்போகும் சார். ஆபீஸ் கம்ப்யூட்டர்னா யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. இங்க அந்தப் புள்ளி மேடத்தோட ஒரு வார்த்தை. தப்பு நடந்தா தானே கண்டுபிடிச்சுத் திருத்திக்கற ரேம் இருக்குது. அதுதான் போடோணும்."

"போடுங்க."

"எவ்வளவு போடறதுன்னு பாக்கலாம்." மறுகரை கொடுத்திருந்த டிஸ்க்கை வாங்கித் தன் கணினியில் செருகினாள். திரையைப் பார்த்தவள், இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தாள். "சார், மூணுன்னீங்க. இங்க நாலு இருக்குதே."

"நாலா?"

"கை கால், பேச்சு, எழுத்து. நாலாவது பேரு 'இணக்கம்'னு போட்டிருக்குது. மூணையும் சேத்தாக்கூட இது அளவுக்கு வராது. இதுக்கும் இடம் வேணும்னா ரேம் ரெண்டு மடங்குக்கு மேல போகும், பெட்டியே மாத்தோணும்." அவனைப் பார்த்தாள். "இது என்னன்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது.

கடை வாசலில் நின்று மறுகரைக்குப் போன் செய்தான். வாணியின் கணினிகளை இத்தனை நாளும் கவனித்து வந்த விசாகன் என்ற பொறியாளர் பேசினார்.

"சார், நானே இந்த மாசத்தோட வெளிய போறவன். அதனால நேராவே சொல்லிடறேன்," என்றார். "ஆரம்பத்துல பேஷன்ட்ஸ் ரொம்பக் கோபப்பட்டாங்க. கத்துவாங்க, அழுவாங்க, பயிற்சிக்கு ஒத்துழைக்க மாட்டாங்க. அதுக்குன்னு இதைச் சேர்த்தாங்க. எதிர்ப்பு தோணும்போதே தணிச்சுடும். எல்லாருக்கும் போட்டதுதான். சிகிச்சையோட ஒரு பகுதின்னு சொல்லிட்டாங்க."

"பயிற்சிதான் ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சே."

விசாகன் குரலைத் தாழ்த்தினார். "குடும்பத்துக்காரங்க யாரும் புகார் பண்ணல சார். பாராட்டுதான் வந்துச்சு. அதனால அப்படியே ஓட விட்டுட்டாங்க."

"நிறுத்தினா உயிருக்கு ஏதாவது?"

"உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா மூணு வருஷமா அடக்கி வச்சது. சில நாள் கொந்தளிப்பா இருக்கும். அதுக்கப்புறம்... அவங்க எப்படி இருந்தாங்களோ, அப்படி."

எப்படி இருந்தாள்?

விழுவதற்குப் பத்து நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் வாணி சொன்னாள்: சென்னையில் வீடு பார்த்தாகிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் வழக்காடப் போகிறேன். நீங்கள் வரவேண்டாம். சண்டை எதுவும் இல்லை. எந்த வழக்கை எடுப்பது, எந்தக் கல்யாணத்துக்குப் போவது, எந்தப் புடவை என்று எல்லாவற்றையும் பாசத்தோடு அவனே முடிவு செய்து வந்த பன்னிரண்டு வருட வாழ்க்கையின் கணக்கை, வழக்கு வாதாடுவதுபோல நிதானமாக எடுத்து வைத்தாள்.

பிழைத்து எழுந்த பிறகு சென்னையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. மலஜலம் எடுத்து, ஊட்டிவிட்டு, தோளில் தாங்கி நடக்கவைத்த தன்னைப் பார்த்து மனம் மாறிவிட்டாள் என்று அவன் நம்பியிருந்தான். அந்த மூன்று வருடங்கள்தான் தன் வாழ்க்கையிலேயே நிம்மதியானவை என்றுகூட நினைத்திருந்தான்.

மறுபடி கடைக்குள் வந்தான்.

"பெரிய பெட்டியே கட்டுங்க," என்றான்.

"அப்ப நாலாவதும் ஓடோணுமா சார்?"

"இடம் இருக்கட்டும்."

ஷாகிதா பில் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள்.

அன்று மாலை வாணி பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நவநீதன் எதிரில் உட்கார்ந்து, கடையில் தெரிந்ததையும் விசாகன் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் தலையாட்டிக் கேட்டாள்.

"ஓட்டறதா, வேண்டாமா? நீதான் சொல்லோணும்."

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே பண்ணுங்க," என்று சிரித்தாள்.

எத்தனையோ முறை கேட்ட சொற்கள். இன்று அவன் நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டான்.

"வாணி, நல்லா யோசி. உனக்குத் தெரியாம உன் மனச அமுக்கி வச்சிருக்கானுங்க. கோவம் வரலையா?"

"கோவப்பட்டு என்னங்க ஆகப்போகுது? நல்லாத்தானே இருக்கறோம்."

"சென்னைக்குப் போறேன்னு சொன்னியே. அது?"

"சொன்னேன்." கையில் இருந்த அவன் சட்டையின் காலரை நீவிவிட்டாள். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க?"

அவளிடம் கேட்டுப் பயனில்லை என்று அவனுக்குப் புரிந்தது. பதில் சொல்வது அவளா, அந்த நான்காவதா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. நிறுத்தினால்தான் அவளைக் கேட்க முடியும். நிறுத்தினால் அவள் என்ன சொல்வாள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஓட்டினால் யாரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. வாணியே கேட்கமாட்டாள்.

ஞாயிறு காலை ஷாகிதா பெட்டியோடு வந்தாள். தூக்கி வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். யூ.பி.எஸ். பேட்டரிகள் தனியாக வந்தன. வாணி நாற்காலியில் உட்கார்ந்தாள். விசாகன் போனில் இருந்தார். அங்கே ஒவ்வொன்றாக நிறுத்தி, அது நின்ற நிலையை அப்படியே இங்கே கொண்டுவந்து எழுப்ப வேண்டும்.

முதலில் கை, கால். "நிறுத்திட்டேன்," என்றார் விசாகன். வாணியின் வலது கை கைப்பிடியிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. ஷாகிதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் விசிறிகள் உயர்ந்து இரைந்தன. விரல்கள் அசைந்தன. வாணி கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

அடுத்தது எழுத்து. அது சிக்கலில்லாமல் வந்தது. சுவரில் இருந்த காலண்டரின் தேதியைப் படித்துக் காட்டினாள்.

பேச்சை நிறுத்தியதும் வாணியின் கண்கள் விரிந்தன. ஷாகிதா பொத்தானைத் தட்டினாள். இயந்திரம் எழுந்துவிட்டது என்று திரை சொன்னது. வாணி வாயைத் திறந்தாள். "த... த..." அவ்வளவுதான். மறுபடி முயன்றாள். "த..." தொண்டை நரம்பு புடைத்தது. வலது கை வெட்டி வெட்டி ஆடத் தொடங்கியது.

"என்னாச்சு?" என்று கத்தினான் நவநீதன்.

"சார், சத்தம் போடாதீங்க." ஷாகிதாவின் நெற்றியில் வியர்வை. "கையும் பேச்சும் ஒரே கோர்ல போய் ஒக்காந்துருச்சு. ரெண்டும் அடிச்சுக்குது. பிரிச்சு வுடறேன்."

"அங்க திருப்பிடட்டுமா?" என்றார் விசாகன்.

"வேண்டாம், ஒரு நிமிசம் குடுங்க."

வாணி இடது கையால் நவநீதனின் மணிக்கட்டைப் பற்றினாள். நகம் பதிந்தது. விழுந்த அன்று மருத்துவமனையில் அவள் முகத்தில் இருந்த அதே பயம். ஷாகிதா எதையோ மாற்றி எழுதினாள், நிறுத்தினாள், மறுபடி எழுப்பினாள்.

"தண்ணி," என்றாள் வாணி. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "தண்ணி குடுங்க."

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். பிறகு போனிலிருந்து விசாகனின் குரல்: "நாலாவதையும் இங்க நிறுத்திட்டேன். அங்க எழுப்பலாமா?"

ஷாகிதாவின் விரல் விசையின்மேல் காத்திருந்தது. வாணி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நவநீதனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னும் எந்த மாற்றமும் தெரியவில்லை. இப்போதுகூட எழுப்பச் சொல்லிவிடலாம்.

"வேண்டாம்," என்றான்.

ஷாகிதா கிளம்பும்வரை எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. மதியம் வாணி கூடத்தில் மாட்டியிருந்த தன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"எங்கப்பா செத்தப்ப நான் அழுவல," என்றாள்.

நவநீதன் எழுந்து நின்றான்.

"கோபியில எங்க வீட்டு நடுக்கூடத்துல எங்கப்பாவக் கெடத்தியிருந்தாங்க. நான் வந்தவங்களுக்கெல்லாம் காப்பி குடுத்துட்டு இருந்தேன். எங்கக்கா நெஞ்சுல அடிச்சுட்டு அழுவறா, நான் அவளுக்கு சமாதானம் சொல்றேன். எத்தன பக்குவம்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "எனக்குத் துக்கமே வரலீங்க. எங்கப்பாவுக்கு எனக்கு துக்கமே வரல."

பிறகு வந்தது. ஒரு வருடத்துக்கு முன் வந்திருக்க வேண்டிய அழுகை. தரையில் விழுந்து புரண்டு, ஊளையிட்டு, கிட்டே வந்த அவனைத் தள்ளிவிட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து, அவன் பெட்டி இருந்த அறைக்குள் போனான். 'இணக்கம்' என்ற பெயர் திரையில் மங்கலாக இருந்தது. ஒரு விசை போதும். அழுகை நின்றுவிடும். விரலை விசைமேல் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு அறையைப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தான்.

மூன்று நாள் அவள் பேசவில்லை. நான்காம் நாள் காலை தலைக்குக் குளித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நாலாவது ஒண்ணு இருக்குதுன்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"கடைக்குப் போன அன்னிக்கு."

"தெரிஞ்சும் அதுக்கு இடம் வெச்சுத்தான் பெட்டி கட்டச் சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"என்ன எடை இருக்கும் அந்தப் பெட்டி?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. "ரெண்டு பேர் தூக்கோணும்."

"நான் ஒருத்தியா தூக்க முடியாது. அது இல்லாம இந்த ஊரத் தாண்டினா சிக்னலும் எட்டாது." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அது எங்க இருக்குதோ அங்கதான் நான் இருக்கோணும். அத நீங்க பாத்து வாங்கி, உங்க அறையில, உங்க பாஸ்வேர்டுல வெச்சிருக்கீங்க. நல்லதுக்குன்னுதான். எப்பவும் போல."

அப்படி எதையும் அவன் திட்டமிடவில்லை என்பது உண்மை. மின்தடைக்கும் சூட்டுக்கும் தாங்குமா என்றுதான் பார்த்தான். அவள் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

காரில் ஷாகிதாவின் கடைக்குப் போனார்கள். கடையில் கூட்டமாக இருந்தது. கவுன்ட்டரில் ஒருவர், நல்ல உடை, அவரே ஒரு மருத்துவரைப்போல இருந்தார், ஷாகிதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அம்மாவுக்குங்க. கை கால் ஓடாட்டிக்கூடப் பரவால்ல, ஆள் வெச்சுப் பாத்துக்கறோம். அந்த நாலாவது மட்டும் நிக்கவே கூடாது. அது இல்லாம அவங்கள வெச்சு சமாளிக்க முடியாதுங்க."

வாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் ஷாகிதா மெல்லச் சொன்னாள்: "விசயம் வெளிய தெரிஞ்சதுல இருந்து இப்படித்தான் மேடம். முந்தி மூணுன்னு கேட்டு வருவாங்க. இப்ப வர்ற பத்துல எட்டுப் பேரு நாலாவதுதான் முக்கியம்ங்கறாங்க."

"பேஷன்ட்டுக யாராவது நேர்ல வந்தாங்களா?"

ஷாகிதா யோசித்தாள். "நீங்கதான் மொதல்ல."

"எனக்கு ஒரு கையில தூக்கற மாதிரி பெட்டி வேணும்," என்றாள் வாணி. "பேட்டரி உள்ளயே இருக்கோணும். மூணு ஓடினாப் போதும்."

ஷாகிதா அலமாரியிலிருந்து டிபன் கேரியர் அளவில் ஒன்றை எடுத்து வைத்தாள். "இருக்குது. திருத்தற ரேமும் இதுல போடலாம். ஆனா மூணுக்கு மேல ஒண்ணு ஏறாது மேடம். பின்னாடி மனசு மாறினாலும் நாலாவதுக்கு எடமில்ல. சூடும் கொஞ்சம் ஆகும். ரயில்ல கரன்ட் நின்னு பேட்டரியும் தீந்துட்டா பேச்சு போயிரும், பாத்துக்கோங்க."

"பாத்துக்கறேன்."

வீட்டுப் பெட்டியிலிருந்து இணையம் வழியே மூன்றையும் மாற்றி முடித்ததும் ஷாகிதா விசைப்பலகையை வாணியின் பக்கம் திருப்பினாள். புதுக் கடவுச்சொல். நவநீதன் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

அடுத்த வாரம் காலை ரயிலில் அவள் சென்னைக்குப் போனாள். புதுப் பெட்டியை வைத்த பை அவள் தோளில் இருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, சார்ஜரைச் செருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று அவளே பார்த்துக்கொண்டாள். கூட வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

"ஒரு வழக்குப் போடப் போறேன்," என்றாள். "அன்னிக்கு கடையில ஒருத்தர் சொன்னாரே, அந்த அம்மாவுக்கும் சேத்து. உங்களச் சாட்சியா கூப்பிடுவேன். வருவீங்களா?"

"வர்றேன்."

"நான் கேக்கற கேள்வி உங்களுக்கு நல்லா இருக்காது."

"வர்றேன் வாணி."

வழக்கு நீண்டது. கடைசியில் உயர் நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. இத்தகைய நோயாளிகளுக்கு அவர்களுக்கே தெரியாமல் ஓட்டப்படும் கணினிகளைக் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு விடலாமா என்பதுதான் கேள்வி. பாசமுள்ள குடும்பத்தார் தவறாகப் பயன்படுத்த மாட்டார்கள், அவர்களை நம்பலாம் என்று குடும்பங்களுக்காக வந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நாள் முழுக்க வாதாடியிருந்தார். மறுநாள் நவநீதன் கூண்டில் ஏறினான்.

வாணி கறுப்பு அங்கியில் எழுந்து நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவனை ஒரு சாட்சியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"உங்க மனைவியைப் பாத்துக்கிட்டது யார்?"

"நான்தான்."

"அவங்க மேல உங்களுக்கு அன்பு உண்டா?"

"உண்டுங்க."

"நாலாவது கணினி என்ன செய்யுதுன்னு தெரிஞ்ச பிறகும் அதுக்கு இடம் வெச்சு சர்வர் வாங்கினீங்க. சரியா?"

"சரிங்க."

"கடைசியில அதை ஓட்டல. ஓட்டாததால உங்களுக்கு என்ன நஷ்டம்?"

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார்.

"வீட்டுல நான் மட்டும்தாங்க இருக்கறேன்," என்றான்.

வாணி கையிலிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று அவன் பயந்துபோனான். அவள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கே அதை ஓட்டியிருக்கலாம்னு இப்பவும் தோணுதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அந்தப் பதிலைத்தான் எதிர்த்தரப்பும் எதிர்பார்த்தது. அன்புள்ளவர்களை நம்பலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

"தோணுதுங்க," என்றான். "தெனமும் தோணுது."

வாணி அந்தப் பதிலை வலது கையால் எழுதிக்கொண்டாள்.

"வேற கேள்வி இல்லை, ஐயா," என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது.

அவன் கூண்டிலிருந்து இறங்கினான். மண்டபத்தில் நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. வாசலை நோக்கி நடந்தவன் அவள் வரிசையைக் கடக்கும்போது, வாணி தலையைத் தூக்காமலே, பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நாற்காலி காலியானது.